விலைக்கு வந்த தாய்ப்பால்: பிரான்சு நாட்டு முலைத்தாயர் வரலாறு

1780-ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரின் காவல்துறைத் தலைவராக இருந்த லெனுவார் என்பவர் ஒரு கணக்கை எழுதி வைத்தார். அந்நகரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 21,000 குழந்தைகள் பிறக்கின்றன. அவற்றுள் பெற்ற தாயிடமே பால் குடித்து வளர்பவை 1,000. வீட்டோடு தங்கிப் பாலூட்டும் கூலிப்பெண் ஒருத்தியிடம் வளர்பவை இன்னுமோர் 1,000. எஞ்சிய 19,000 குழந்தைகளும் பிறந்த சில நாள்களுக்குள் நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புறநகரிலோ நெடுந்தொலைவிலுள்ள சிற்றூர்களிலோ முன்பின் அறியாத பெண்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன.

இது முறையான கணக்கெடுப்பன்று. ஓர் அதிகாரியின் மதிப்பீடு. எல்லா எண்களும் ஆயிரங்களில் முடிவதே அதைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆயினும் அவர் சற்று மிகைப்படுத்தியிருப்பார் என்று தள்ளுபடி செய்த பின்னரும், மிஞ்சுவது திகைக்க வைக்கும் செய்தியே. ஐரோப்பாவின் அறிவுத் தலைநகரம் என்று பெயர் பெற்ற ஒரு பேரூரில், தாயின் மடியில் வளர்வது விதிவிலக்காகவும் பிரிந்து வளர்வது வழக்கமாகவும் இருந்திருக்கின்றன. இது எப்படி நேர்ந்தது? அத்தாய்மார் நெஞ்சில் ஈரமற்றவர்களா? இவ்வினாவை ஒட்டியே வரலாற்றாசிரியர்களிடையே ஒரு பெரும் வழக்காடல் நடந்திருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். கூலிக்குப் பாலூட்டும் பெண்ணைக் குறிக்கப் பலரும் 'செவிலித்தாய்' என்றே எழுதுகின்றனர். அகப்பாடல்களில் வரும் செவிலி தலைவியை வளர்ப்பவள், அவள் உடன்போக்கில் சென்றபின் தேடி அலைபவள், தோழியைப் பெற்றவள். நற்றாயினும் மிகுதியாகப் பேசுபவள். இன்றோ அச்சொல் மருத்துவமனைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. நம் நிகண்டு மரபு ஐவகைத் தாயரைப் பட்டியலிடுகிறது: பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். இவருள் முலைத்தாய் என்பதே நமக்கு இங்கு வேண்டிய சொல். தாய்மை என்பது பிரித்துப் பங்கிடக்கூடிய பணிகளின் தொகுதி என்பதை நம் நிகண்டுகள் அறிந்தே வைத்திருந்தன என்பதையும் இவ்விடத்தில் குறித்துக்கொள்ளலாம். (நாம் வீட்டுச் சொல்லாகவே கருதும் 'ஆயா' போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பர்.)

இனி பாரிஸுக்குத் திரும்புவோம். முலைத்தாயரை அமர்த்தித் தரும் தரகுப் பெண்கள் அந்நகரில் இடைக்காலம் தொட்டே இருந்தனர். 1350-இல் வெளியான அரசாணை ஒன்றே அவர்தம் கட்டணத்தையும் முலைத்தாயரின் ஊதியத்தையும் வரையறுத்துப் பேசுகிறது. 1715-இல் இத்தரகு நிலையங்கள் நான்கும் காவல்துறையின் கண்காணிப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. வேலை தேடி வரும் பெண் தன் ஊர்ப் பங்குக் குருவிடமிருந்து நற்சான்று பெற்று வரவேண்டும். ஒரே சமயத்தில் இரு குழந்தைகளை ஏற்கக்கூடாது என்றெல்லாம் விதிகள் எழுந்தன. 1769-இல் நான்கு நிலையங்களையும் ஒன்றாக்கி ஒரு பொது அலுவலகத்தை அரசே அமைத்தது. பெற்றோர் பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் முலைத்தாய்க்கு உரிய கூலியை இவ்வலுவலகம் முன்னதாகவே கொடுத்துவிடும். பின்பு தந்தையிடம் வசூலிக்கும். கட்ட இயலாத தந்தை சிறை செல்வான். பால்கூலிக் கடனுக்காகச் சிறையிலிருக்கும் ஏழைத் தந்தையரைப் பணம் செலுத்தி மீட்பது அக்காலத்துச் செல்வர் செய்யும் அறங்களுள் ஒன்றாகவே இருந்தது. அரச குடும்பத்தில் மகப்பேறு நிகழ்ந்தால் அம்மகிழ்ச்சியைக் கொண்டாடவும் இவ்வாறு சிலரை விடுவிப்பர். இச்சிறைவாசம் பிரெஞ்சுப் புரட்சியின்போதுதான் ஒழிந்தது.

சிற்றூர்களுக்கும் நகருக்கும் இடையே வண்டிக்காரர் ஒருவர் இருந்தார். பாலுள்ள பெண்களை ஊரூராகத் திரட்டித் தன் வண்டியில் பாரிஸுக்கு அழைத்து வருவார். குழந்தைகளுடன் திரும்ப அழைத்துச் செல்வார். மாதக்கூலியைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், குழந்தையின் நலச்செய்தியைப் பெற்றோருக்குச் சொல்வதும், இறந்துவிட்டால் அதன் துணிமணிகளைத் திருப்பிக் கொண்டுவருவதும் அவர் பணியே. மூடப்படாத வண்டியில், வைக்கோற் பரப்பின்மேல், பனியிலும் மழையிலும் இரண்டு மூன்று நாள் பயணம். பிறந்து ஒரு வாரமும் ஆகாத குழந்தைக்கு அதுவே முதற் சோதனை. ஞானஸ்நானம் முடிந்த கையோடு குழந்தையை அனுப்பிவிடும் பெற்றோர் பலரும் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்தே அதன் முகத்தை மீண்டும் கண்டனர், அதுவும் உயிரோடிருந்தால். பாரிஸைச் சூழ்ந்த சிற்றூர்க் கோயில்களின் அடக்கப் பதிவேடுகளில், ஊர்க்காரர் பெயர்களுக்கிடையே, 'பாரிஸ் பால்குழந்தை' என்னும் குறிப்போடு சின்னஞ்சிறு அடக்கங்கள் வரிசையாக வருகின்றன. பெற்றோர் உடனிருந்த குறிப்பு அவற்றில் அரிது.

*

இவ்வழக்கம் முதலில் உயர்குடியினரிடம் தோன்றியது உண்மையே. அரசகுலத்துப் பெண்ணுக்குக் கணவனுடன் அவையில் இருப்பதும் அடுத்த வாரிசை விரைந்து ஈன்றளிப்பதும் கடமைகள், பாலூட்டுவது அன்று. ஆனால் லெனுவார் எண்ணிய இருபதாயிரத்தில் சீமாட்டிகளின் பிள்ளைகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வழக்கத்தைத் தாங்கி நின்றவர்கள் கைவினைஞரும் சிறுகடைக்காரருமே. ஆடம்பரத்தில் பிறந்த வழக்கம் வறுமைக்கு அருகில் வாழ்ந்தோரிடம் வேர்கொண்டது. 'மேலோரைப் பார்த்துக் கீழோர் செய்தனர்' என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அது போதாது என்பது என் கருத்து.

லியோன் நகரத்தை எடுத்துக்கொள்வோம். பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். அங்கே நெசவாளியின் வீடும் பட்டறையும் ஒன்றே. பல மாடிகளைக் கொண்ட கட்டடத்தில் ஓர் அறை. அவ்வறையைத் தறி அடைத்துக் கொண்டிருக்கும். தறிக்கு மேலும் கீழுமாக மனிதர் படுத்துறங்குவர். மனைவி நூலைச் சீர்செய்வாள், இழை கோப்பாள், இரண்டாவது தறி இருந்தால் அதில் அமர்வாள். அவள் கை நின்றால் கணவனின் தறியும் தடுமாறும். அவளுக்கு மாற்றாகக் கூலியாள் வைத்தால் அதற்காகும் செலவு, சிற்றூர்ப் பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்து வளர்ப்பதற்காகும் செலவைக் காட்டிலும் மிகுதி. ஆக, குழந்தையை அனுப்புவது அக்குடும்பத்துக்குச் செலவன்று, சிக்கனம்! இந்தக் கணக்கைப் போடுவதற்கு அவர்களுக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை.

'பாலூட்டாவிட்டால் என்ன, வேறு பால் கொடுத்து வீட்டிலேயே வளர்த்திருக்கலாமே' என்று இன்றைய வாசகர் கேட்கக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்னும் அறிவு பிறக்காத காலம் அது. நகரத்துக்கு வந்து சேரும் ஆட்டுப்பாலும் மாட்டுப்பாலும் கோடையில் நஞ்சாகிவிடும். ரொட்டியை நீரில் குழைத்த கூழையோ பாலாடை நிறைய விலங்குப்பாலையோ உண்டு பிழைத்த கைக்குழந்தைகள் மிகச் சிலவே. ஒரு பெண்ணின் பால் கிடைக்காவிட்டால் இன்னொரு பெண்ணின் பால், மூன்றாவது வழியில்லை. இதை மறந்துவிட்டு அத்தாயரை மதிப்பிடப் புகுந்தால் தீர்ப்பு கோணலாகவே அமையும்.

பொருளியல் ஒரு கயிறென்றால் நம்பிக்கைகள் மற்றொரு கயிறு. பாலூட்டும் காலத்தில் கணவனோடு கூடினால் பால் கெடும், மீண்டும் கருவுற்றால் அப்பால் குழந்தைக்குத் தீங்காகும் என்பது பண்டைக் கிரேக்க மருத்துவ மரபிலிருந்து வழிவழி வந்த கருத்து. மருத்துவர்கள் அதையே ஓதினர். திருச்சபைக்கோ வேறொரு கவலை: ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு மனைவி விலகியிருந்தால் கணவன் பிறன்மனை நாடிப் பாவத்தில் விழுவானே! எனவே குழந்தையை வேறொருத்தியிடம் ஒப்படைத்தேனும் கணவனின் உரிமையைக் காப்பது குற்றமன்று என்று அறநூலோர் இசைவளித்தனர். குழந்தைக்கும் கணவனுக்கும் இடையே நடந்த இந்த வழக்கில் தீர்ப்பு யாருக்குச் சாதகமாயிற்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்ணின் கருத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

விளைவு என்ன? பாலூட்டல் மறுகருவைத் தள்ளிப்போடும் என்பது இயற்கை. பாலூட்டாத நகரத்துப் பெண் ஓராண்டுக்குள் மீண்டும் கருவுற்றாள். லியோன் நகரப் பதிவேடுகளை ஆராய்ந்த மொரீஸ் கார்தான் என்னும் வரலாற்றாசிரியர், கைவினைக் குடும்பங்களில் ஏறக்குறைய ஆண்டுக்கொரு மகப்பேறாக நிகழ்ந்ததைக் காட்டியுள்ளார். பிள்ளை பிறக்கும், வண்டியேறும். அடுத்தது பிறக்கும், அதுவும் வண்டியேறும். பத்துப் பன்னிரண்டு ஈன்றவளின் வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளே ஓடியாடும். தறியைக் காப்பதற்காக அனுப்பிய குழந்தையின் இடத்தில் இன்னொரு குழந்தையைச் சுமக்க வேண்டியதாயிற்று. அவள் உடலே அக்கணக்கின் மறுபக்கத்தைத் தீர்த்துக் கொடுத்தது.

பிரான்சு முழுவதுமே நான்கில் ஒரு குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்துவிட்ட காலம் அது. வண்டியேறிய குழந்தைகளின் நிலை அதனினும் மோசம். அனைத்தினும் மோசம், பெற்றோரால் கைவிடப்பட்டு அநாதை விடுதிக்கு வந்த குழந்தைகளின் நிலை. பாரிஸ் விடுதி 1772-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் 7,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஏற்றது. அவற்றுள் ஒரு பகுதி வெளியூர்களிலிருந்து கூடைகளில் சுமந்து வரப்பட்டவை. விடுதி கொடுத்த கூலி குறைவாதலால் நல்ல முலைத்தாயர் அதன் பக்கம் வருவதில்லை. பெரும்பாலான குழந்தைகள் முதலாண்டைத் தாண்டவில்லை.

*

இங்கே ஒரு பெண்ணை நாம் மறந்துவிடுகிறோம். முலைத்தாயையே சொல்கிறேன். அவளும் ஒரு தாய். அண்மையில் மகவு ஈன்றதால்தான் அவளிடம் பால் இருக்கிறது. அவளுடைய குழந்தை என்னவாயிற்று? சிலர் தம் குழந்தையை உரிய காலத்துக்கு முன்பே பால்மறக்கச் செய்துவிட்டு நகரத்துக் குழந்தையை ஏற்றனர். சிலர் விதியை மீறி இரண்டுக்கும் பங்கிட்டனர். சிலருக்குத் தம் குழந்தையைப் புதைத்த துயரே பாலை விற்கும் வாய்ப்பாயிற்று. கணவனுக்கு நிலம் சிறிது, அல்லது இல்லை. திராட்சைத் தோட்டத்துக் கூலியும், வீட்டில் நூற்கும் நூலும் ஆண்டு முழுவதும் சோறிடா. பால்கூலியே வரி கட்டவும் ஓர் ஆடு வாங்கவும் கையில் வந்த ரொக்கம். வயல்வேலைக்குச் செல்கையில் குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றிச் சுவராணியில் மாட்டிவிட்டுப் போவாள் என்று நகரத்து அறிஞர் கண்டித்து எழுதினர். கண்டித்தவர்களுள் எவரும் அவளுக்கு வயல்வேலை இல்லாதிருக்கத் தக்க கூலியைத் தர முன்வரவில்லை.

நகரத்துத் தாய் தறியை விட முடியாமல் குழந்தையை அனுப்புகிறாள். சிற்றூர்த் தாய் நிலமில்லாமல் அதை ஏற்கிறாள். ஒருத்தியின் வறுமை மற்றொருத்தியின் வறுமையை வாடகைக்கு எடுத்துக் கொள்கிறது. இவ்வளவு பெரிய சந்தை இரு நூற்றாண்டுகள் நின்றதென்றால் அதன் அடித்தளம் இதுவே.

இம்முறையில் வளர்ந்தோர் அனைவரும் சிதைந்து போயினர் என்றும் சொல்வதற்கில்லை. 1717-இல் பாரிஸில் ஒரு கோயிற் படிக்கட்டில் ஆண்மகவு ஒன்று கிடந்தது. பெற்றவள் தென்சேன் சீமாட்டி, அறிவாளர் கூடும் அவையை நடத்தியவள். தந்தை படைத்துறையைச் சேர்ந்த பிரபு. அவர் தேடிக் கண்டுபிடித்துக் கண்ணாடி பதிக்கும் தொழிலாளி ஒருவரின் மனைவியிடம் ஒப்படைத்தார். அக்குழந்தையே பின்னாளில் கணித மேதையாகவும் கலைக்களஞ்சியத்தின் ஆசிரியர் இருவருள் ஒருவராகவும் விளங்கிய தலாம்பேர். ஐரோப்பா முழுதும் புகழ் பரவிய பின்னரும் அவர் அந்த எளிய வீட்டை விட்டு அகலவில்லை. ஏறத்தாழ ஐம்பது வயது வரை வளர்த்த தாயுடனேயே வாழ்ந்தார். நற்றாய் யார், செவிலி யார் என்று நம் உரையாசிரியர்களைக் கேட்டால் இவ்விடத்தில் சற்றுத் தடுமாறத்தான் செய்வர். அவ்வளர்ப்புத் தாயின் குடும்பப் பெயர் ரூசோ என்பது வரலாற்றின் குறும்பு. அடுத்து நாம் காணப்போகும் ரூசோவுக்கும் அவருக்கும் உறவேதும் இல்லை.

இராஜதந்திரி தாலிரான் தன் கால் ஊனத்துக்கு முலைத்தாயின் கவனக்குறைவே காரணம் என்று நினைவுக்குறிப்பில் எழுதினார். பிறவிக்குறை என்று மறுப்போரும் உண்டு. 1799-இல் பிறந்த நாவலாசிரியர் பல்சாக், தன் நான்கு வயது வரை தாயை விட்டு அயலூரில் வளர்ந்தவர். தாயின் மீதான மனக்குறையை வாழ்நாள் முழுதும் சுமந்தார். ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' (1857) நாவலைப் படித்தவர்கள், எம்மா தன் பெண்குழந்தையைக் காணத் தச்சனின் மனைவி வீட்டுக்குச் செல்லும் பகுதியை நினைவுகூரலாம். முலைத்தாய் சவர்க்காரம், காப்பி, பிராந்தி என ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறுவாள். திறனாய்வாளர் அப்பகுதியை எம்மாவின் தன்னலத்துக்குச் சான்றாக்குவது வழக்கம். ஒரு மருத்துவன் வீட்டுப் பெண் அக்காலத்தில் செய்ததைத்தான் அவளும் செய்தாள் என்பதையும் சேர்த்துப் படித்தால் அப்பாத்திரம் வேறு விதமாகத் தோன்றும்.

*

1762-இல் ரூசோவின் 'எமில்' வெளிவந்தது. தாய்மார் தம் பிள்ளைகளுக்குத் தாமே பாலூட்ட முன்வந்தால் குடும்பமும் நாடும் ஒழுக்கமும் தாமே சீர்படும் என்று அந்நூல் முழங்கியது. அந்நூலின் தாக்கம் பெரிது. உயர்குடிப் பெண்கள் விருந்தினர் முன்னிலையில் பாலூட்டுவதை ஒரு நாகரிகமாகவே மேற்கொண்டனர். நூலாசிரியரோ, தெரேஸ் என்னும் பணிப்பெண்ணிடம் தமக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அநாதை விடுதிக்கு அனுப்பியவர். 1764-இல் வோல்தேர் பெயர் குறிப்பிடாத ஒரு துண்டுநூலில் இதை அம்பலப்படுத்தினார். பின்னர் ரூசோவே தம் தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டார். இரட்டை வேடம் என்று ஏசிவிடலாம், பலரும் ஏசியாயிற்று. எனக்கு அதைக் காட்டிலும் முதன்மையாகப் படுவது வேறொன்று. அக்குழந்தைகளைப் பெற்ற தெரேஸ் கொடுக்க விரும்பவில்லை என்பதையும் அதே நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். தாய்க்கு அறிவுரை கூறிய நூல் உலகெங்கும் பரவியது. அந்தத் தாயின் மறுப்பு ஒரு வரியோடு நின்றுவிட்டது.

ரூசோ தனியரல்லர். சுவீடன் நாட்டு இயற்கையறிஞர் லின்னேயஸ் 1752-இலேயே முலைத்தாயர் வழக்கத்தைக் கண்டித்து நூல் எழுதினார். 1758-இல் அவர் விலங்கினங்களை வகைப்படுத்தியபோது மனிதன் முதல் திமிங்கிலம் வரையான ஒரு பெருங்குழுவுக்குப் பெயரிட வேண்டி வந்தது. மயிர், நான்கறை இதயம் எனப் பொதுப்பண்புகள் பல இருக்க, பெண்ணுக்கு மட்டும் செயற்படும் ஓருறுப்பைக் கொண்டு பெயரிட்டார். நம் பள்ளி அறிவியல் நூல்களில் உள்ள 'பாலூட்டிகள்' அப்பெயரின் வழிவந்ததே. பால் கொடுப்பது இயற்கையின் ஆணை என்று வாதிட்ட அவரது நூலையும் இப்பெயரிடலையும் இணைத்துக் காட்டியவர் லோந்தா ஷீபிங்கர் என்னும் அறிவியல் வரலாற்றாசிரியர். பிரஷ்ய நாட்டுச் சட்டத்தொகுப்போ (1794) உடல்நலமுள்ள தாய் பாலூட்டியே தீரவேண்டும் என்று விதித்தது. எத்தனை காலம் ஊட்டுவது என்பதைத் தந்தை முடிவு செய்வார் என்றும் சேர்த்துக்கொண்டது.

வறிய தாயருக்குப் பணவுதவி செய்தால் அவர்கள் குழந்தையை அனுப்ப மாட்டார்கள் என்று நேராகச் சிந்தித்தவர்களும் இருந்தனர். நாடகாசிரியர் பொமார்ஷே தம் 'ஃபிகரோவின் திருமணம்' (1784) ஈட்டிய வருவாயில் ஒரு பங்கைப் பாலூட்டும் ஏழைத் தாயருக்கென்று அறிவித்தார்; லியோனில் அத்தகைய அறநிலையம் ஒன்று உருவாயிற்று. 1788-இல் பாரிஸில் தாய்மார் உதவிச் சங்கம் பிறந்தது. அரசி மரீ அந்துவானெத் அதன் புரவலர். பின்னர் வந்த புரட்சி அரசும் 1793 சூன் மாதச் சட்டத்தால் ஏழைத் தாயருக்கு உதவித்தொகை அறிவித்தது, தாமே பாலூட்ட வேண்டும் என்னும் நிபந்தனையோடு. போர்ச்செலவில் கருவூலம் வறண்டிருந்ததால் அறிவிப்பு பெரும்பாலும் தாளிலேயே தங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு 10-இல், இடிக்கப்பட்ட பாஸ்டில் சிறை இருந்த இடத்தில் ஒரு மாபெரும் பெண்சிலை நிறுவினர். இயற்கையன்னையாகிய அவளுடைய மார்புகளிலிருந்து நீர் பீறிட, மக்கள் பிரதிநிதிகள் வரிசையில் நின்று கிண்ணத்தில் ஏந்திப் பருகினர். எண்பத்தொரு நாள் கழித்து, அக்டோபர் 30-இல், பெண்களின் அரசியல் சங்கங்கள் அனைத்தும் தடைசெய்யப்பட்டன. இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

*

இனி அந்த வழக்காடல். பிலிப் ஆரியெஸ் 1960-இல் வெளியிட்ட நூலில், குழந்தைப் பருவம் என்னும் தனித்த உணர்வே நவீன காலம் உருவாக்கியது என்றார். எலிசபெத் பதாந்தேர் 1980-இல் லெனுவாரின் கணக்கையே முன்வைத்து, தாயன்பு என்பது எல்லாக் காலத்துக்கும் உரிய இயல்பூக்கம் அன்று. காலமும் சமூகமும் கூட்டியும் குறைத்தும் வளர்க்கும் ஓர் உணர்வு என்று வாதிட்டார். நூல் பெரும் புயலைக் கிளப்பியது. தாய்மை இயற்கை விதி என்று சொல்லிப் பெண்ணை வீட்டில் கட்டிப்போடுவோருக்கு அது தக்க மறுமொழிதான். ஆனால் குழந்தையை அனுப்பியதையே அன்பின்மைக்குச் சான்றாக்கும்போது அவ்வாதம் நழுவுகிறது. முலைத்தாயர் தொழில் பற்றி 1982-இல் விரிவாக எழுதிய ஜார்ஜ் சஸ்மன் வீட்டு வருமானத்தையும் நகரத்துப் பெண்ணின் உழைப்பையும் கணக்கில் கொண்டார். படிமலர்ச்சி அறிஞர் சாரா ஹர்டி 1999-இல் எழுதிய நூலிலோ, கிடைக்கும் துணையையும் பொருளையும் அளந்து பார்த்தே எந்தத் தாயும் முடிவெடுக்கிறாள் என்ற கருத்து விரிகிறது. எனக்கு இவ்விருவர் வழியே ஏற்புடையது. தன் சம்பாத்தியத்தில் பெரும்பங்கைப் பால்கூலிக்குக் கொடுத்து, கொடுக்க இயலாதபோது சிறைக்கும் போன ஒரு தந்தையின் குடும்பத்தை, பிள்ளையைப் பொருட்படுத்தாத குடும்பம் என்று எப்படிச் சொல்வது? பொருட்படுத்தாதவர்க்கு அநாதை விடுதியின் கதவு இலவசமாகத் திறந்தே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் வந்தது. வைக்கோல் வண்டி போயிற்று, சந்தை பெருகிற்று. பாரிஸின் தென்கிழக்கே மலையும் காடுமாய் மண்வளம் குன்றிய மொர்வான் வட்டாரம் முலைத்தாயருக்குப் பேர்பெற்றது. நகரத்துச் செல்வர் இப்போது குழந்தையை அனுப்புவதில்லை. முலைத்தாயைத் தம் வீட்டுக்கே வருவித்தனர். நல்லுணவு, நல்லுடை, தலையில் நீண்ட பட்டு நாடா, கைநிறையக் கூலி. பெர்த் மொரிசோ என்னும் பெண் ஓவியர் தம் மகள் ஜூலிக்குப் பாலூட்டிய பெண்ணை 1880-வாக்கில் தீட்டிய ஓவியம் புகழ்பெற்றது. அவள் பாலூட்டியதால்தான் இவர் தூரிகை பிடிக்க முடிந்தது. ஒருத்தியின் கூலிவேலையை இன்னொரு தொழிற்பெண் நின்று பார்த்துத் தீட்டிய அரிய காட்சி அது.

மொர்வானில் அப்பெண்கள் விட்டுவந்த குழந்தைகள் பாட்டியிடமோ அண்டை வீட்டாரிடமோ மாட்டுப்பாலில் கிடந்தன. மோன்சோஷ் என்னும் ஊரில் மருத்துவராக இருந்த மோனோ 1867-இல் ஒரு நூலை வெளியிட்டார். 1858 முதல் 1864 வரை தம் வட்டாரத்தில் மகவீன்ற பெண்களில் மூன்றில் இரு பங்கினர் பாரிஸுக்கு முலைத்தாயராகச் சென்றதையும், அவர்தம் குழந்தைகள் கொத்துக்கொத்தாக மடிந்ததையும் எடுத்துரைத்தார். பாரிஸ் மருத்துவக் கழகத்தில் விவாதம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1870-71 போரில் ஜெர்மானியரிடம் தோற்றபின்தான் அரசுக்கு விழிப்பு வந்தது. மக்கள்தொகை வளரவில்லையே, நாளைக்குப் படைவீரர் எங்கிருந்து வருவர் என்பதே அதன் கவலை. 1874 டிசம்பர் 23-இல் மருத்துவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான தெயொஃபில் ரூசெல் கொண்டுவந்த சட்டம் நிறைவேறியது. பெற்றோர் வீட்டுக்கு வெளியே கூலிக்கு வளர்க்கப்படும் இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையும் அரசின் கண்காணிப்புக்குரியதாயிற்று. முலைத்தாயின் குழந்தையைப் பற்றிச் சட்டம் பேசியதும் இங்கேதான். தன் குழந்தைக்கு ஏழு மாதம் நிறைந்த பிறகே, அல்லது அதற்கு வேறொரு பெண் பாலூட்ட ஏற்பாடு செய்த பிறகே, அவள் பிறர் வீட்டுக்குப் பாலூட்டச் செல்லலாம். இவ்விதி கண்டிப்புடன் கடைப்பிடிக்கப்படவில்லை. ஏழுமாதப் பாலுக்குச் சந்தையில் மதிப்புக் குறைவு. வேலைக்கு அமர்த்துவோர் தேடியதும் புதுப்பாலையே.

இவ்வழக்கம் ஓய்ந்ததற்குச் சட்டத்தைக் காட்டிலும் பாஸ்டரின் ஆய்வுகளே பெரிய காரணம். கிருமி நீக்கிய பாலைப் புட்டியில் கொடுத்து வளர்க்கலாம் என்றானதும் முலைத்தாயின் தேவை குன்றியது. 1892-இல் பாரிஸில் பூதேன் என்னும் மருத்துவர் குழந்தைகளை வாரந்தோறும் நிறுத்துப் பார்க்கும் ஆலோசனை நிலையத்தைத் தொடங்கினார். 1894-இல் ஃபெக்காம் துறைமுக நகரில் மருத்துவர் துய்ஃபூர் தூய பால் வழங்கும் 'பால்துளி' நிலையத்தை நிறுவினார். முதல் உலகப்போரோடு இத்தொழில் ஏறக்குறைய மறைந்தது.

பால்கூலியில் கட்டிய வீடுகள் மொர்வானில் இன்றும் நிற்கின்றன. கூரைவேய்ந்த குடிசைகளின் இடத்தில் எழுந்த அக்கல்வீடுகளை 'பால் வீடுகள்' என்றே அழைக்கின்றனர். பாலூட்டப் போகும் வாய்ப்புச் சுருங்கிய பின்னும், பாரிஸில் கைவிடப்பட்ட குழந்தைகளை அரசிடமிருந்து ஏற்றுக் கூலிக்கு வளர்க்கும் தொழில் அங்கே தொடர்ந்தது. 1910-இல் பிறந்து, ஏழு மாதத்தில் தாயால் ஒப்படைக்கப்பட்ட ஆண்குழந்தை ஒன்று அலிஞி என்னும் மொர்வான் சிற்றூரில் தச்சர் ஒருவர் வீட்டில் வளர்ந்தது. பின்னாளில் நாடகாசிரியராகவும் நாவலாசிரியராகவும் பெயர்பெற்ற ழான் ழெனே அவர்தாம். அவ்வூரில் 2016-இல் முலைத்தாயருக்கும் அரசு வளர்ப்புக் குழந்தைகளுக்கும் என்று ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டிருக்கிறது.